இல்லாத வரிக்கு ஒரு விலக்கு

வரியே கட்டாத ஒரு ஊருக்கு வரிவிலக்கு வாங்கித் தருவதாக ஒரு மக்கள் பிரதிநிதியை மேடையேற்றி முழங்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, நானே சொன்னால் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லிக்கொள்ளலாம்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மனு எப்படி எழுதுவது, அரசாணை நகலை எந்த மேசையில் கேட்பது, எந்த அதிகாரியைச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கவே கூடாது என்பதெல்லாம் மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் வேறு வேலை பார்ப்பது நல்லது. நான் சொல்ல நினைப்பது என் முதல் முதலாளியைப் பற்றி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் செய்தித்தாளைத் திட்டிக்கொண்டிருக்கும் இந்த வயதிலும், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அவர் முகம் நினைவுக்கு வருகிறது. வந்த பிறகு பெரும்பாலும் கையெழுத்துப் போடுவதில்லை.

எழுபதுகளின் முற்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. சேலத்தில் பொருளாதாரம் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தேன். வேலை கிடைக்கவில்லை. அதனால் என்னைத் தவிர வேறு யாருக்கும் பொருளாதாரம் தெரியாது என்ற முடிவுக்கு வந்திருந்தேன். அந்த நிலையில்தான் அவரிடம் சேர்ந்தேன்.

அவர் மேலவை உறுப்பினர். நம் மாநிலத்தில் அப்போது மேலவை என்று ஒன்று இருந்தது. ஊராட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன் சேலம் - ஏற்காடு பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் கண்டக்டர். சொந்தமாக மலையில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் சாமை, நாலைந்து பேரி மரம். உறுப்பினர் ஆன பிறகும் ஊரில் அவருக்குப் பெயர் கண்டக்டர்தான். ஏற்காடு பஜாரில் டீக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார்:

"ஏனுங்க கண்டக்டரே, எம்.எல்.சி.ன்னா எம்.எல்.ஏ.வுக்கு ஒண்ணுவிட்ட தம்பிங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கங்க. பந்தியில ஒக்காரலாம். பங்கு கேக்க முடியாது."

அந்த வருஷம் மலையில் காப்பி பூக்க வேண்டிய சமயத்தில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. செடி பூக்காமல் நின்றது. காய் பிடிக்க வேண்டிய மாதத்தில் தோட்டங்களுக்குள் போனால், கிளையை விலக்கி விலக்கித் தேட வேண்டியிருந்தது. எஸ்டேட் முதலாளிகள் ஒரு லாட்ஜில் கூட்டம் போட்டு, விவசாய வருமான வரியை அந்த வருஷத்துக்கு முழுக்கத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மனு எழுதி இவர் கையில் கொடுத்தார்கள். மனுவைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. வரிச்சலுகை! பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்த அத்தியாயம் அது. பரீட்சையில் அந்தக் கேள்வி வராமல் போன வருத்தம் வேறு பாக்கி இருந்தது.

அடுத்த வாரம் தலைச்சோலை என்ற மலையூரில் ஒரு பொதுக்கூட்டம். பேச்சை எழுதும் வேலையை அவர் என்னை நம்பி ஒப்படைத்தார். "வரிச்சுமை என்னும் பாறாங்கல்லின் கீழ் நசுங்கும் காப்பி விவசாயத் தோழர்களே" என்று ஆரம்பித்தேன். அந்தப் பாறாங்கல்லை அகற்றும்வரை ஓயமாட்டோம் என்று முடித்தேன். நடுவில் என்ன இருந்தது என்பதை என் வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிடுகிறேன். அவர் அதை ஒரு வரி விடாமல் படித்தார். டிக்கெட் கிழித்துக் கொடுப்பதைப் போல ஒவ்வொரு சொல்லாகக் கிழித்துக் கொடுத்தார். ஊரே கைதட்டியது. நான் மேடைக்குப் பின்னால் நின்று, தட்டுவது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் தலைச்சோலைக்காரர்கள் பதினெட்டு பேர் நின்றார்கள். நடந்தே வந்திருந்தார்கள். முன்னால் நின்றது வெள்ளையம்மா. எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவர். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகவும் கொஞ்சம் காப்பி வைத்திருந்தார்.

"ஏனுங்க கண்டக்டரே, நேத்து நீங்க சொன்ன வரி, அது எப்ப இருந்துங்க?"

"எந்த வரியம்மா?"

"காப்பிச் செடிக்கு வரிங்களே. தள்ளுபடி பண்ணோணும்னு பேசுனீங்களே. இதுவரைக்கும் எங்கிட்ட ஆரும் கேட்டதில்லீங்க. இல்லாத வரியத் தள்ளுபடி பண்ணுவாங்களா? அப்ப வரி வரப்போகுதுன்னுதானே அர்த்தம்?"

பின்னால் இருந்து ஒருவர்: "என்ற தோட்டத்துல அறுவது செடிதானுங்க இருக்குது. அதுலயும் பாதி குச்சிங்க."

இன்னொருவர் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். வரி போட ஆள் வருவதற்குள் இருந்த செடியில் பாதியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். கையில் களைக்கொத்து இருந்தது.

விவசாய வருமான வரி பெரிய தோட்டங்களுக்கு மட்டும்தான். தலைச்சோலையில் இருந்த அத்தனை சின்னக் காப்பிக்காரர்களும் அந்த வரம்புக்கு எத்தனையோ கீழே. இது அந்தப் பாடத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. நான் முதல் பக்கத்தின் அழகில் மயங்கிப் புரட்டாமல் விட்டிருந்தேன். விலக்கு என்ற சொல்லைக் கேட்டால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் புத்தகம் சொல்லியிருந்தது. மலைக்காரர்களுக்கு அரசாங்கத்தோடு இருந்த பழக்கம் வேறு. பறிக்கப் போவதைத்தான் அது முதலில் தடவிக் கொடுக்கும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

என் தலை போயிற்று என்று நினைத்தேன். அவர் பதினெட்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு ஜீப்பைப் பிடித்து, அவர்களில் ஏற முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பவும் தலைச்சோலைக்கே போனார். முந்தின நாள் மேடை போட்டிருந்த அதே இடத்தில் நின்றார். மேடையைப் பிரித்துவிட்டிருந்தார்கள்.

"நேத்து நான் படிச்சது உங்களுக்குச் சேந்தது இல்லீங்க. உங்களுக்கு வரி இல்ல. வரப்போறதும் இல்ல. யோசன இல்லாமப் படிச்சுப்போட்டேன். செடியப் புடுங்கிப்போடாதீங்க."

அவ்வளவுதான். எழுதியவன் ஒருவன் உண்டு, அவன் இதோ ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது நானே ஆரம்பித்தேன்.

"ஐயா, தப்பு என்னோடதுங்க."

"எழுதுனது நீ. படிச்சது நானு. வாயி என்றது. கேட்டவங்க என்ற வாயத்தானே பாத்தாங்க?" பிறகு சிரித்தார். "ஏன் கண்ணு, டிக்கெட் வெலயக் கொறச்சா ஆருக்கு லாபம்?"

"பயணிகளுக்கு."

"பஸ்ஸுல ஏறுறவனுக்கு. காசு இல்லாம மலையேறி நடந்து போறவனுக்கு?"

ஜீப் ஜன்னலுக்கு வெளியே, தலையில் விறகுக்கட்டோடு இரண்டு பேர் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை வேண்டுமென்றே அங்கே நிறுத்தி வைத்தது போல இருந்தது.

இதனால் அவர் வரிச்சலுகைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்து நான் மறுநாளே முதலாளிகளைத் திட்டி ஒரு பேச்சு எழுதிக் கொண்டுபோனேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அதில் வெற்றிலை கட்டியிருந்ததைப் பார்த்தேன். எஸ்டேட் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து பேசினார்:

"வரியைக் குறைச்சாத்தான் எங்களால ஆளுங்களை வெச்சிருக்க முடியும். இல்லேன்னா பாதிப் பேரை நிறுத்த வேண்டியதுதான்."

"நாயந்தானுங்க. அப்ப வரி கொறஞ்சா ஆரையும் நிறுத்த மாட்டீங்க?"

"அது… நிலைமையைப் பொறுத்து."

"அந்த நெலமையையும் மனுவுல ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆள நிறுத்தாத எஸ்டேட்டுக்குச் சலுகைன்னு. நானே கொண்டுபோயிப் பேசறேன்."

செயலாளர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் எழுதிக் கொண்டுவந்தார். இவரும் மேலவையில் பேசினார். முழுத் தள்ளுபடி கிடைக்கவில்லை. தவணையில் கட்ட அவகாசம் கிடைத்தது. முதலாளிகளும் தோட்டத்து ஆட்களும் அரை மனதோடு நன்றி சொன்னார்கள். இந்த வேலையில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இனித்தான் விஷயம்.

மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்னால், வறட்சி நிவாரணத்தில் தலைச்சோலைக்கு ஒரு மண் சாலை அனுமதியாகி வந்தது. ஊருக்குள்ளிருந்து பஸ் போகும் சாலை வரைக்கும். அவர்தான் பல மாதமாகக் கேட்டு வாங்கியது. ஊர்க்காரர்களையே வைத்து வேலை, வாரம் முடிந்தால் கையில் கூலி. ஒரே நிபந்தனை, மார்ச் முப்பத்தொன்றுக்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும். நான் சந்தோஷத்தில் பத்திரிகைக்குச் செய்தியே எழுதிவிட்டேன். அவர் ஆணையைப் படித்துவிட்டு, தேதியை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்கழியில ஆரம்பிச்சா மலையில பழத்த ஆரு பறிக்கறது?"

காப்பிப் பழம் பழுக்கும் மாதம் அது. விளைச்சல் குறைவுதான். ஆனால் இருப்பதைச் சில வாரங்களுக்குள் பறிக்காவிட்டால் கொட்டிப்போகும். சாலைக் கூலி, சின்னக் காப்பிக்காரர்கள் கொடுக்கக்கூடிய கூலியைவிட அதிகம். எல்லாக் கைகளும் சாலைக்குப் போய்விடும். வெள்ளையம்மாவே தன் வீட்டுப் பழத்தை விட்டுவிட்டு மண் சுமக்கப் போவார். பங்குனியில் சாலையும் முடிந்திருக்கும், பழமும் போயிருக்கும். மலையில் வேலையே இல்லாத மாதங்கள் அப்போதுதான் ஆரம்பம்.

"இதெல்லாம் உங்க ஊகம்தானுங்களே ஐயா" என்றேன். புத்தகத்தில் இந்தச் சிக்கல் இல்லை என்ற தைரியத்தில்.

மறுநாள் என்னை அடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இரண்டு நாள். பொருளாதார முதல் வகுப்பு, கையில் நோட்டோடு, பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு மூட்டையாக உற்றுப் பார்த்தது. முதல் பஸ்ஸிலேயே என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து ஒருவர் பின்படி வழியாகக் குதித்து ஓடினார். மூன்றாவது பஸ்ஸில் ஒரு பாட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று என் கையில் இரண்டு கமலாப்பழம் திணித்தார். அரசியல் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே லஞ்சம் அது.

"பையோட எறங்கறவங்க சாமான் வாங்கப் போறவங்க. பாயும் குண்டானுமா எறங்கறவங்க ஊர உட்டுப் போறவங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளில் ஒரு பாய்கூட இறங்கவில்லை. அடிவாரத்து டைம் கீப்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"பங்குனியில வந்து நில்லுங்க சார். பஸ்ஸுக்குள்ள ஆளவிடப் பாய்தான் அதிகம் இருக்கும். எல்லாம் செங்கச் சூளைக்கு."

இரண்டாம் நாள் சாயந்திரமே கண்டக்டர் தலைச்சோலைக்குப் போய், வேலை இப்போதா பங்குனியிலா என்று நேரில் கேட்டார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. இளவட்டங்கள், வந்த வேலையை விடக்கூடாது, நாளைக்கே ஆரம்பிக்கட்டும் என்றார்கள். வெள்ளையம்மா மட்டும் இடுப்பில் கட்டியிருந்த பழக்கூடையை அவிழ்க்காமலே சொன்னார்:

"இப்பக் கை பழத்துல இருக்குதுங்க. பங்குனியில கை சும்மாத்தான் இருக்கும். வயிறு சும்மா இருக்காதுங்களே."

கலெக்டர் ஆபீசில் கூட்டம். வறட்சி நிவாரணத்தை வேண்டாம் என்று சொல்லும் பிரதிநிதியை அந்த அறை அதற்கு முன் பார்த்திருக்காது. மலைக்குக் கீழே இருந்த ஓர் ஒன்றியத்தின் தலைவர் சத்தமாகவே சொன்னார்: "கண்டக்டருக்கு வேண்டாம்னா எங்க ஊருக்குக் குடுத்துடுங்க. நாங்க தூக்கிப்போட மாட்டோம்." அறை சிரித்தது. நானும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன்.

அவர் எழுந்தார். நான் எழுதிக் கொடுத்தது மேசை மேல் கிடந்தது, அதைத் தொடவில்லை.

"வேண்டாம்னு சொல்லலீங்க. வேணும். ஆனா பங்குனியில வேணும். சாயந்திரம் பொழுதோட வர வேண்டிய பஸ்ஸு விடியக்காலையில வந்து போயிட்டா, பஸ்ஸு வந்ததுன்னு ரிப்போர்ட்டுல எழுதலாங்க. ஜனம் அங்கேயேதான் நின்னுட்டிருக்கும். அரசாங்கம் பணம் செலவு பண்றது ரோடு போடறதுக்கு மட்டும் இல்லீங்களே. சும்மா இருக்கற கைக்கு வேல குடுக்கத்தான். இப்ப அங்க எந்தக் கையும் சும்மா இல்ல. நம்ம பணம் போயி, ஓடிட்டிருக்கற வேலய நிறுத்திப்போடும்."

சிரிப்பு நின்றது. பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வழி இருக்குங்க. வழியில மூணு ஓடை இருக்கு. பாலம், தாங்குசுவர் மட்டும் இப்பக் கட்டலாம். அதுக்குக் கொத்தனாருங்க போதும், கூலியாட்கள் வேண்டாம். மண் வேலையை அடுத்த வருஷத்துக்குத் தொடர் வேலையாக் காட்டலாம். ஆனா அடுத்த வருஷம் அந்தப் பணம் கண்டிப்பா வரும்னு யார் பொறுப்பு? வரலேன்னா மூணு பாலம்தான் மிச்சம்."

"நானுங்க."

"எழுதித் தருவீங்களா?" என்றார் கலெக்டர்.

நான் கண்டக்டர் காதருகே குனிந்தேன். "ஐயா, 'ஆவன செய்யப்படும்'னு எழுதிடலாம். யார் செய்வாங்கன்னு அதுல வராது." அந்த வயதிலேயே அந்த வித்தை எனக்குக் கைவந்திருந்தது, இன்றைக்கு உங்களில் பலர் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

அவர் என் பேனாவை வாங்கினார். கண்டக்டர் கையெழுத்து, பெரிசு பெரிசாக. "பங்குனியில் மண் வேலையை ஆரம்பிக்கக் கேட்டது நான். பணம் வராமல் போனால் அதற்குக் காரணம் நான். தலைச்சோலைக்குப் போய் அதை நானே சொல்வேன்." கீழே பெயர்.

மூன்று வரி. ஒவ்வொன்றிலும் 'நான்'. அரசாங்கக் காகிதத்தில் அப்படி ஒரு சொல் இருப்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு நடந்தது பெருமையாகச் சொல்லும்படியாக இல்லை. "வந்த ரோட்டை மறித்த கண்டக்டர்" என்று பஜாரில் பேச்சு. காப்பி பறித்து முடிந்தது. கொத்தனார்கள் வந்தார்கள், பாலங்களைக் கட்டினார்கள், போனார்கள். சாலையே இல்லாத மலைச்சரிவில் மூன்று பாலங்கள் தன்னந்தனியாக நின்றன. லாட்ஜில் தங்கியிருந்த சுற்றுலாக்காரர்கள் சிலர் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏதோ பழைய ராஜா கட்டியது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்று போயிற்று. தொடர் வேலைக்கான ஆணை வரவில்லை. அவர் என்னையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போய் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தார். "ஃபைல் வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். ஃபைல் எங்கிருந்து வருகிறது, நடந்தா பஸ்ஸிலா என்று இவர் கேட்டார்.

மெட்ராஸிலிருந்து திரும்பி, சேலத்திலிருந்து வந்து அடிவாரத்தில் ஏற்காடு பஸ்ஸுக்காக நின்றோம். மலையிலிருந்து ஒரு பஸ் இறங்கியது. கதவு திறந்ததும் முதலில் ஒரு பாய் வந்தது. பிறகு ஒரு குண்டான். பிறகு வெள்ளையம்மாவும் அவர் வீட்டுக்காரரும்.

எனக்கு எங்காவது மறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஜீப்பும் இல்லை. அவர் நேராக அவர்களிடம் போனார்.

"சூளைக்குங்களா?"

"வேற எங்கீங்க போறது?" என்றார் வீட்டுக்காரர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வெள்ளையம்மா கேட்டார்: "நீங்க சொன்னீங்கன்னுதான் இத்தன நாள் இருந்தோம். ரோட்டு வேல எப்பங்க ஆரம்பிக்கும்?"

இரண்டு நாளில் என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் என்று சொல்லுங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று மனசுக்குள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலீங்கம்மா" என்றார். "வரும்னு நம்பறேன். என்னைக்குன்னு தெரியல. நீங்க போறதுன்னாப் போங்க, நான் தடுக்க மாட்டேன். அப்ப ஆரம்பிக்க வேண்டாம்னு சொன்னது நாந்தான். அது தப்பாப் போச்சுன்னா அதும் என்றதுதான்."

வெள்ளையம்மா குண்டானை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, பாயைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

"இவரு போகட்டுங்க. ஆட்டை ஆருகிட்டயோ உட்டுப்போட்டு வந்தது எனக்கு மனசே ஆகல. அந்தப் பாலத்துக்கு ரோடு வருதான்னு நா இருந்து பாக்கறேன்."

அடுத்து வந்த ஏற்காடு பஸ்ஸில் வெள்ளையம்மா எங்களோடு மேலே வந்தார். டிக்கெட்டை இவர் எடுக்கப் போனபோது, "வேண்டாமுங்க, அதும் சலுகையாப் போயிரும்" என்று தானே எடுத்துக்கொண்டார். வளைவுகளில் பஸ் ஏறும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு நாள்ல வந்துரும்னு சொல்லியிருக்கலாமே ஐயா. அவங்க ரெண்டு பேருமே திரும்பியிருப்பாங்க."

"அதுக்காகத்தான் சொல்லல, சாமி. ரெண்டு நாள்ல வரலைன்னா சூளைக் கூலியும் போயிருக்கும். நாம வார்த்தையில பொழைக்கறவங்க. ரெண்டு வார்த்த கொறஞ்சா நமக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க சோத்துல பொழைக்கறவங்க."

ஆணை வந்தது. பங்குனியில் இல்லை, சித்திரை பாதியில். வேலை ஆரம்பித்த அன்றைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் அவரைத் தேடினார்கள். காணோம். முதல் வாரக் கூலி கொடுத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு சந்தைக்குப் போனார். ஒன்றும் வாங்கவில்லை. தலைச்சோலைக்காரர்கள் பைகளை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். அரிசி. கருவாடு. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு சின்னப் பெண்ணுக்கு ரிப்பன். மாலைக்குள் மளிகைக்காரர் ஒருவர், அத்தனை மாதம் "ரோட்டை மறித்தவர்" என்று சொன்ன அதே ஆள், எங்களைக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வரி கட்டறவன் நானுங்க. எனக்கு ஒரு சலுகையும் வரல. ஆனா கடையில சரக்கெல்லாம் வித்துக் காலியாகுதுங்க. இந்தக் கணக்கு எனக்குப் புரியல."

"புரியாட்டிப் பரவால்லீங்க" என்றார் இவர். "இவன் பொருளாதாரம் படிச்சவன். இவனுக்கே புரியல."

சாலை ஆடி மாதம் முடிந்தது. மூன்று பாலங்களும் கடைசியில் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாராட்டுக் கூட்டத்தில் மாலை போட்டார்கள். என்னிடம் ஏற்புரை கேட்கவில்லை. நான் எழுதியும் வைக்கவில்லை, ஓரளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் மாலையைக் கழற்றிவிட்டுச் சொன்னது இதுதான்: "இன்னைக்கு இந்த ஊர்ல பதினோரு ஊடு பூட்டிக் கெடக்குது. ஆணை ஒரு மாசம் முந்தி வந்திருந்தா பூட்டியிருக்காது. அத முந்தியே வாங்கற கெட்டித்தனம் எனக்குப் பத்தல. அதயும் சேத்துப் பேசுங்க." கூட்டத்துக்கு எப்படிக் கைதட்டுவதென்று தெரியவில்லை. நான் தட்டவில்லை. அவரிடம் வேலை செய்த வருஷங்களில் நான் சரியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் வேலை பார்த்தேன். அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கலாம், எவ்வளவு வரியை விடலாம் என்று என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். எந்தக் கைக்கு, எந்த மாதத்தில் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பதில் தப்பாகப் போனால் யார் போய்ச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதியவரும் அவர் ஒருவர்தான். நீங்கள் ஒரு நாள் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, யார் செய்வது என்று ஒரு தரம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எழுதுவதோ கிழிப்பதோ உங்கள் இஷ்டம்.

மேலவை பிறகு கலைந்தது. அவரும் போய்விட்டார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போயிருந்தேன். சந்தையில் ஒரு மூலையில் வெள்ளையம்மா மிளகும் பேரிக்காயும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கண்டக்டரோடு இருந்தவன் நான்தான், அந்தச் சாலைக்காக அடிவாரத்தில் இரண்டு நாள் நின்றவன், மெட்ராஸ் வரைக்கும் போனவன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கிலோ பேரிக்காயும் கேட்டேன், பெருந்தன்மையாக இருக்கட்டும் என்று.

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, நீங்களா! எங்க காப்பிச் செடிக்கு வரி போட வந்தீங்களே, அந்த ஆளுதானே? ஏனுங்க, அந்த வரி பொறவு என்னாச்சுங்க?"